மேலாழி நாட்டின் அறுவடைத் திருநாள்

ஒரு வீட்டில் காதில் விழுந்ததை அடுத்த வீட்டில் சொல்லக் கூடாது. இதைச் சங்கரிக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் பாவு பிணைக்கப் போகிற பெண்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான் அது. தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல்தான் பாவு; அது தீர்ந்துபோனால், பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருத்தி பழையதில் ஒன்றும் புதியதில் ஒன்றுமாக எடுத்துக் கொடுப்பாள். இன்னொருத்தி விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்குவாள். காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை அந்த வீட்டில் பேசுகிறதெல்லாம் காதில் விழும். டாக்டர் சொன்னது விழும். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஏன் தகவல் சொல்லவில்லை என்பது விழும். எல்லாவற்றையும் அங்கேயே உதறிவிட்டு வருகிறவளைத்தான் மறுபடியும் கூப்பிடுவார்கள்.

சங்கரியை எல்லோரும் மறுபடியும் கூப்பிட்டார்கள். அவள் வீட்டிலும் வெளியிலும் அளந்து பேசுகிறவள். நாற்பத்தொரு வயது. யாராவது நேராகப் பார்த்துக் கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன்னால் முந்தானையை ஒரு தடவை இழுத்து விட்டுக்கொள்வாள். சில வீடுகளில் அவளோடு ஜோடியாகப் பிணைக்க வந்த தேவிப்ரியாவுக்குக் காபி கொடுத்துவிட்டு, இவள் ஒருத்தி உட்கார்ந்திருப்பதையே மறந்துவிடுவார்கள். அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை. யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடிக்கும்.

தேவிப்ரியா முசரவாக்கத்திலிருந்து இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தவள். விவசாயக் குடும்பம். பன்னிரண்டாவது வரை படித்தவள், சங்கரியைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். வந்த புதிதில் தறி வேலை ஒன்றும் தெரியாது. எடுத்துக் கொடுக்கிறதைச் சங்கரிதான் கூட உட்காரவைத்துப் பழக்கினாள். ஆறு வருடமாக இரண்டு பேரும் ஜோடி. தேவிப்ரியா வாய் ஓயாமல் பேசுவாள். பேசப் பேச அவள் விரல்கள் தப்பில்லாமல் இழை எடுக்கும். அவள் பேசாத நாளில்தான் தப்பு வரும்.

அப்படி ஒரு நாள், தேவிப்ரியாவுக்கு வீட்டில் ஏதோ சண்டை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தாள். இழைகள் தப்பித் தப்பி வந்தன. அவளை எப்படியாவது சரிப்படுத்த வேண்டும் என்றுதான் சங்கரி வாயைத் திறந்தாள். இருபத்தைந்து வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

“ஒரு ஊரு இருக்குது, தேவி. தீவு. சுத்தியும் கடலு.”

“எங்கக்கா?”

“எங்கயும் இல்ல. நானா வச்சிக்கினதுதான்.”

சங்கரி ஏழாவது படித்துக்கொண்டிருந்தபோது தறியின் மறுகோடியில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓடுகிற ஓடத்தைத் தள்ள ஆள் இல்லையென்று அப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார். கடைசி நாள் அவள் கையிலிருந்த பேனா கசிந்து, சமூக அறிவியல் புத்தகத்தில் வங்காள விரிகுடாவின் நீலத்துக்கு நடுவே ஒரு சொட்டு மை விழுந்துவிட்டது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். சொட்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாள். அதற்கு மேலாழி என்று பேர் வைத்தாள். தறிக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓடத்தைத் தள்ளிக்கொண்டே அந்த நாட்டில் ஆட்களைக் குடிவைத்தாள். நான்கு குப்பங்கள். எல்லோரும் மீன் பிடிக்கிறவர்கள். கல்யாணமான பிறகு ஒரு தடவை மகாபலிபுரம் போய் நிஜக் கடலைப் பார்த்தபோது அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மேலாழிக் கடல் இவ்வளவு சத்தம் போடாது.

தேவிப்ரியாவுக்கு மிகவும் பிடித்தது மேலாழியின் அறுவடைத் திருநாள். மீன் பிடிக்கிறவர்களுக்கு ஏது அறுவடை என்று முதலில் சிரித்தாள். சங்கரி சொன்னாள்: மேலாழியில் உப்பு ஏறாத மண் மலை உச்சியில்தான் உண்டு. மொத்த நாட்டுக்கும் ஒரே ஒரு நெல் வயல். நம்ம சர்வதீர்த்தக் குளத்தில் கால்வாசி இருக்கும். கொண்டல் காற்று ஓய்ந்ததும் கதிர் முற்றும். அதற்கு முந்தின நாள் வலைகளையெல்லாம் குடிக்கிற தண்ணீரில் அலசிக் கூரைமேல் விரிப்பார்கள். படகுகளைக் குப்புறக் கவிழ்த்து, அடிவயிற்றில் அரிசிமாவுக் கோலம் போடுவார்கள். விடிந்ததும் நாடே மலை ஏறும். ஆளுக்கு ஒரு கதிர். ஆனால் தன் கதிரைத் தானே அறுக்கக் கூடாது. அவரவர் கதிருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பாறைமேல் ஒருத்தி நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவாள். கூப்பிட்டதும் யாராவது ஒருவர் வந்து அந்த ஆளுக்காக அறுத்துக் கொடுப்பார். பகையாளிகூட வரலாம். யார் வருவார் என்று முன்னாலேயே பேசிவைக்கக் கூடாது.

“யாருமே வரலன்னா?” என்று தேவிப்ரியா கேட்டாள்.

“வந்துடுவாங்கம்மா. நான் அனுப்பிடுவேன்.”

எல்லாக் கதிரையும் குத்தி ஒரே பானையில் போட்டு, மீன் குழம்போடு சேர்த்துக் காய்ச்சுவார்கள். ஆளுக்கு ஒரு வாய்க்கு மேல் வராது. அதைப் பருக்கை பருக்கையாகச் சாப்பிட அரை நாள் ஆகும்.

பாவுக்குப் பாவு இந்தக் கதை வளர்ந்தது. ஒரு நாள் தேவிப்ரியா, “பாறமேல நிக்கிறாளே, பேர் கூப்பிடுறவ, அவ எப்பிடி இருப்பா?” என்று கேட்டாள். சங்கரி கையிலிருந்த இழையை முறுக்கி முடித்தாள். பிறகு, “பத்தாவது வரைக்கும் படிச்சவ. தொண்டயத் தெறந்தா நாலு குப்பத்துக்கும் கேக்கும். யார் மூஞ்சியையும் நேராப் பாத்துப் பேசுவா,” என்றாள். தலையைக் குனிந்து அடுத்ததை முறுக்கிக்கொண்டே, “அது நான்தான்,” என்றாள்.

தேவிப்ரியா சிரிக்கவில்லை. எட்டி, சாம்பல் ஒட்டியிருந்த சங்கரியின் விரலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு அடுத்த இழையை எடுத்தாள். அந்த ஒரு அழுத்தலுக்காகவே சங்கரி அவளிடம் எதையும் சொல்லியிருப்பாள்.

இந்த மார்கழிக் கடைசியில் சங்கரியின் புருஷன் ஆனந்தகுமார் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன், தட்டில் கையை வைத்துக்கொண்டே போனை நீட்டினான். அவன் ஆட்டோ ஓட்டுகிறவன். பெரிய காஞ்சிபுரத்தில் அவன் ஸ்டாண்டு ஆட்கள் வைத்திருக்கிற வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து அதுதான் சுற்றிக்கொண்டிருந்ததாம்.

“பாருடி, ஒரு நாட்டுல இன்னா அழகாப் பொங்கல் கொண்டாடுறானுங்க. தன் கதிர தானே அறுக்கக் கூடாதாம். நம்ம தேவிப்ரியா பொண்ணுதான் பேசுது. எம்மாம் விசயம் தெரிஞ்சி வச்சிருக்குது பாரேன்.”

போனில் தேவிப்ரியா பட்டுப்புடவை கட்டி, முகத்தை வழவழவென்று ஆக்கிக்கொண்டு பேசினாள். பின்னால் ஏதோ வாத்தியம். இடையிடையே படகுகளும் மலையும் வந்தன. கம்ப்யூட்டர் செய்த படங்கள். ஒரு மீனவருக்குக் கையில் ஆறு விரல். ‘உலகத்தில் இப்படியும் ஒரு நாடு’ என்று மேலே எழுதியிருந்தது.

சங்கரிக்கு முதலில் கோபம் வரவில்லை. வந்தது வேறு ஏதோ. அது பயமா சந்தோஷமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தவன், அவள் ஊரைப் பற்றி அவளிடமே வியந்து சொல்கிறான். அவன் கதிரைப் பற்றிச் சொன்னபோது அவன் முகம்கூட நன்றாக இருந்தது. “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் குழாயடியில் தேவிப்ரியாவே ஓடிவந்தாள்.

“கோச்சிக்கினியாக்கா? உன் பேரப் போடலாம்னுதான் இருந்தேன். நீதான் கூச்சப்படுவியே. என் சேனல்ல நாப்பதாயிரம் பேர் பாத்துட்டாங்கக்கா! எல்லாம் உன்னாலதான்.”

“உண்மை ஊருன்னு ஏன்மா சொன்ன?”

“அப்பிடிச் சொன்னாத்தான்க்கா பாப்பாங்க.”

சங்கரி குடத்தைத் தூக்கிக்கொண்டாள். பிணைக்கிற இடத்தில் கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சொல்ல நினைத்தாள். பன்னிரண்டு வயது சின்னப் பெண், ஆசைப்பட்டுவிட்டாள், போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது தறிக்காரர் கந்தன் வீட்டில் பாவு பிணைக்கக் கூப்பிட்டார்கள். தை பிறந்ததும் புதுப் பாவில் தறி ஓட வேண்டும் என்று அவர் மனைவி காமாட்சியம்மாளுக்குப் பிடிவாதம். காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு தேவிப்ரியா அதிகம் பேசவில்லை. வண்டி வண்டியாக வீடியோவுக்குப் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருக்கும் என்று சங்கரி நினைத்துக்கொண்டாள்.

பாதிப் பாவு முடிந்திருக்கும். கந்தன் மகள் கீர்த்தி காலேஜ் லீவில் இருந்தவள், போனும் கையுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சங்கரியக்கா, இது நீங்கதான?”

தேவிப்ரியா சட்டென்று, “கீர்த்தி, அத அப்புறம் பாக்கலாம்மா,” என்றாள்.

அதற்குள் போன் பேச ஆரம்பித்துவிட்டது. தேவிப்ரியாவின் குரல்தான். இந்தத் தடவை வாத்தியம் இல்லை. அழுகிற மாதிரி இருந்தது.

“ஃப்ரண்ட்ஸ், மேலாழின்னு ஒரு நாடே இல்ல, நான் ஃபேக்குன்னு கமெண்ட்ல திட்டுறீங்க. நானும் ஏமாந்துட்டேன் ஃப்ரண்ட்ஸ். என்கூட வேல செய்யுற ஒரு அக்கா சொன்னாங்க. சத்தியமா உண்மைன்னுதான் சொன்னாங்க. பாவம், அவங்களுக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல. அந்த ஊர்ல பேர் கூப்பிடுறவ தான்தான்னு சொல்லும். நீங்களே பாருங்க.”

பிறகு சங்கரி வந்தாள். தலையைக் குனிந்து இழை முறுக்கிக்கொண்டு, உதட்டோரம் சிரிப்போடு, “அது நான்தான்,” என்றாள். அதைச் சொன்ன அன்றைக்குப் பாட்டு கேட்கலாம் என்று தேவிப்ரியா போனைத் தறிக் கம்பத்தில் சாய்த்து வைத்தது சங்கரிக்கு இப்போது ஞாபகம் வந்தது. பாட்டு ஒன்றும் ஓடாததை அவள் அப்போது கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் பார்க்கிறவள் அதைப் பார்க்காமல் விட்டிருந்தாள்.

காமாட்சியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இன்னாடி இது கூத்து? ஏன் சங்கரி, நெசமாவே ஊரு இருக்குதுன்னா சொன்ன?”

சங்கரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ளப் பார்த்தாள். கை முழுக்கச் சாம்பல். “நான் அப்பிடிச் சொல்லலம்மா,” என்றாள். “நானா வச்சிக்கினதுன்னுதான் சொன்னேன். இவளுக்கே தெரியும்.”

எல்லோரும் தேவிப்ரியாவைப் பார்த்தார்கள். தேவிப்ரியா பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை. ஆமாம், அப்படித்தான் சொன்னாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சங்கரி காத்திருந்தாள். தேவிப்ரியா சொல்லவில்லை.

“வுடு வுடு,” என்று காமாட்சியம்மாளே முடித்துவைத்தாள். “யாருக்குத்தான் மண்டைக்குள்ள ஊர் இல்ல. எழை தாண்டிடப்போவுது, வேலயப் பாருங்க. எனக்கும் ஒரு கதிர் அறுத்து வைமா சங்கரி, பொங்கலுக்கு ஆவும்.” கீர்த்தி சிரித்தாள். அடுப்படிப் பக்கம் கந்தனும் சிரிப்பது கேட்டது. ஒருவர் சிரிப்பிலும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

எழுந்து போய்விடலாம். ஆனால் பிணைப்பைப் பாதியில் விட முடியாது. ஆள் மாறினால் முறுக்கு மாறும். தறியின் அச்சுப் பல்லுக்குள் இழுக்கும்போது அந்த இடத்தில் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். யார் ஆரம்பித்தார்களோ அந்தக் கைகளேதான் முடிக்க வேண்டும். இன்னும் இரண்டாயிரம் இழைக்குமேல் இருந்தது. இரண்டாயிரம் தடவை தேவிப்ரியா கொடுக்க வேண்டும், இரண்டாயிரம் தடவை சங்கரி வாங்க வேண்டும்.

சங்கரி கையை நீட்டினாள். “குடு.”

தேவிப்ரியா கொடுத்தாள். சங்கரி முறுக்கினாள். ஜன்னல் வெயில் தறியின் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு நகர்கிற வரை இரண்டு பேரும் பேசவில்லை. பேச்சில்லாததால் தேவிப்ரியாவின் விரல்கள் தப்பின. பழையதில் ஒன்றைத் தாண்டி அடுத்ததை எடுத்தாள். சங்கரி அதை வாங்காமல் அப்படியே கையை வைத்திருந்தாள். தேவிப்ரியா தப்பைக் கண்டுபிடித்து மாற்றிக் கொடுக்கும் வரை காத்திருந்தாள். அப்படிப் பதினோரு தடவை.

ஒரு கட்டத்தில் தேவிப்ரியா குனிந்தபடியே அழ ஆரம்பித்தாள்.

“ரொம்பக் கேவலமாத் திட்டுனாங்கக்கா. எங்க வூட்டுக்காரரு சேனல மூடுன்னுட்டாரு. எனக்கு வேற வழி தெரியல. நீ வீடியோவெல்லாம் பாக்க மாட்டியே, உனக்குத் தெரியவா போவுதுன்னு நெனச்சேன்.”

“நூல் நனையுது,” என்றாள் சங்கரி. “அந்தாண்ட திரும்பி அழு.”

நாலரை மணிக்குக் கடைசி இழை சேர்ந்தது. கந்தன் வந்து பாவைத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் அறுபடவில்லை. “உங்க ரெண்டு பேர் கை மாதிரி வராதும்மா,” என்றார். சங்கரி கையைக் கழுவிக்கொண்டு, காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தேவிப்ரியா செருப்பு மாட்டுவதற்கு முன்னால் தெருவில் இறங்கி நடந்தாள்.

வீட்டில் ஆனந்தகுமார் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தான். அவனும் பார்த்துவிட்டான் என்பது அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

“ஸ்டாண்டுல கேக்குறானுங்க, ‘ஏன் ஆனந்து, உனக்கு மாமியார் வூடு மேலாழியா, தல பொங்கலுக்கு கப்பல்ல போனியா’ன்னு.”

சங்கரி விளக்கைப் போட்டாள்.

“அவனுங்க கெடக்கட்டும்,” என்றான் அவன். “பதினெட்டு வருசம். ஒரு நாள் என்கிட்ட சொல்லியிருப்பியா? நான் இன்னா சிரிச்சிருப்பேனா?”

“தெரியலப்பா,” என்றாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. அவன் சிரித்திருப்பானோ என்னவோ. ஆனால் சிரித்திருந்தாலும் ஊரைக் கூட்டியிருக்க மாட்டான். சொல்ல வேண்டியவனிடம் சொல்லாமல், விரலைப் பிடித்து அழுத்தியவளிடம் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கோயில் பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினான். திரும்பி வந்தபோது கரும்பு வாங்கி வந்திருந்தான்.

பொங்கல் அன்று பால் பொங்கியபோது சங்கரி பழக்கத்தில் மேலாழிக்குப் போகப் பார்த்தாள். மலைமேல் எல்லோரும் கதிருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். பாறைமேல் நிற்கிறவள் வாயைத் திறந்தாள். ‘ஃப்ரண்ட்ஸ்’ என்று கேட்டது. சங்கரி கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

மாட்டுப் பொங்கலன்று காலை பத்து மணிக்கு தேவிப்ரியா வந்தாள். கையில் ஒரு தூக்குப் பாத்திரம். முகம் தெளிந்திருந்தது.

“சக்கரப் பொங்கல்க்கா. எங்க ஊரு நெய்யி.” பாத்திரத்தை வைத்துவிட்டு அவளே மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அக்கா, ஒரு நல்ல விசயம். அந்த ரெண்டாவது வீடியோவப் பாத்துட்டு எல்லாரும் உன்னத்தான் கேக்குறாங்க. ‘பொய்யின்னாலும் இன்னா அழகாக் கீது, அந்த அக்காவ இன்னும் சொல்லச் சொல்லு’ன்னு எழுதுறாங்க. இனிமே உண்மைன்னெல்லாம் போட மாட்டேன். ‘சங்கரியக்கா சொல்லும் மேலாழி’ன்னு உன் பேரப் போட்டே போட்டுடுறேன். சரிதான?”

சங்கரி அவளைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று வாசலில் பார்த்தபோது நினைத்திருந்தாள். இவள் தப்பு ஏதும் செய்தோம் என்று நினைப்பதாகவே தெரியவில்லை. அழுதது தன் சேனலுக்காகத்தான்.

“அறுவடைக்கு மூணாம் நாள் இன்னா பண்ணுவாங்கன்னு நீ சொன்னதே இல்லியேக்கா. நாளைக்குப் போடுறேன்னு சொல்லிட்டேன்.” போன் சங்கரியின் முகத்துக்கு நேராக வந்தது. இந்தத் தடவை ஒளிக்கவில்லை. “சொல்லு.”

சங்கரி முந்தானையைத் தொடவில்லை. போனை நேராகப் பார்த்தாள்.

“மாட்டக் குளிப்பாட்டுவாங்க,” என்றாள். “கொம்புக்கு வர்ணம் அடிச்சி, கழுத்துல சலங்க கட்டி, கடக்கரையில ஓட்டுவாங்க.”

மேலாழியில் மாடு கிடையாது. ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது. முதல் முதலாக அங்கே குடிவந்தவர்கள் படகில் ஒரு பசுவை ஏற்றி வந்தார்கள். பாதி வழியில் அது கரையைத் தேடிக் கடலில் குதித்துவிட்டது. அன்றிலிருந்து அந்த நாட்டில் யாரும் மாடு வளர்ப்பதில்லை, பால் குடிப்பதில்லை. இந்தக் கதையைச் சங்கரி இரண்டு பாவு பிணைக்கிற நேரத்துக்கு நீட்டி நீட்டிச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பசுவுக்காக தேவிப்ரியா மூக்கை உறிஞ்சிக்கொண்டே இழை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

சங்கரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

“சூப்பர்க்கா,” என்றாள் தேவிப்ரியா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். “இதே மாதிரி இன்னும் ரெண்டு சொல்லு.”

சங்கரி இன்னும் இரண்டு சொன்னாள்.